மாறியதா, மாற்றினோமா?

ஒரு கண்ணாடி அறை. சுவரில் பெரிய திரை. திரையில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 94% என்ற எண். எங்கள் மேனேஜர் அதைக் காட்டி வாடிக்கையாளர் தரப்பிடம் சொன்னார்: “94 பர்சென்ட் தானாவே கன்வெர்ட் ஆயிடுச்சு சார். மிச்சம் ஆறு பர்சென்ட்தான். அதை நம்ம பசங்க கையால பாத்துக்குவாங்க.” எதிரே இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த ‘நம்ம பசங்க’ளில் ஒரு ஆளாக நானும் அந்த அறையில் இருந்தேன். நானும் தலையாட்டினேன். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது.

இலக்கிய இதழில் டேட்டாபேஸுக்கு என்ன வேலை என்று சிலர் இந்நேரம் வேறு பக்கம் போக விரலை நகர்த்தியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இங்கே வாசிக்கிற பலரும் பகலெல்லாம் ஏதோ ஒரு திரைக்கு முன் உட்கார்ந்து கோடு தட்டிவிட்டு, இரவில் நாவலைத் திறப்பவர்கள்தான். மொழிபெயர்ப்பு என்று வந்தால் நாம் மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் ரஷ்ய நாவலில் எது உதிர்ந்தது, எந்த வட்டாரச் சொல்லைப் பொதுத்தமிழாக்கிக் கெடுத்தார்கள் என்று ஒரு வாரம் முழுக்க எழுதுகிறோம். பகலில் சம்பளத்துக்கு நாமே செய்யும் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நாவல் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் வாசகர் திட்டுவார். எங்கள் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் ஒரு கிழவிக்குப் பென்ஷன் நின்றுபோகும். அப்படி நின்றுபோனது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

*

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு நிறுவனத்தின் கணக்குவழக்கு மொத்தமும் இருக்கும் இடம் டேட்டாபேஸ். அதில் ஆரக்கிள் பெரிய பெயர், 1979-இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. விலையும் பெரிது. சர்வரில் எத்தனை கோர் என்று எண்ணி உரிமக் கட்டணம் வாங்குவார்கள். போஸ்ட்கிரெஸ், 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. இலவசம், அதன் மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம். கட்டணம் கட்டிக் களைத்த நிறுவனங்கள் அங்கிருந்து இங்கே குடிபெயர்கின்றன. அந்தக் குடிபெயர்ப்பு ஒரு தனித் தொழில். என் தொழில்.

தகவலை மட்டும் அள்ளிக்கொண்டு போவது பெரிய பாடில்லை. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிரல்தான் பாடு. வட்டி கணக்கிடுவது, கடிதம் தயாரிப்பது, தவணை தவறியவரைக் கண்டுபிடிப்பது எல்லாம் ஆரக்கிளுக்குள்ளேயே பிஎல்/எஸ்கியூஎல் என்ற மொழியில் எழுதப்பட்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் அதற்கு இணையாக பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் உண்டு. முன்னதைப் பார்த்துச் செய்தது என்பதால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆபத்து இந்த ஜாடையில்தான் இருக்கிறது. முற்றிலும் அந்நியமான மொழி என்றால் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். பாலக்காட்டுச் சாப்பாட்டுக் கடையில் “வெள்ளம் வேணோ?” என்று கேட்டால் திகைக்கும் தமிழனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும், அவர் தண்ணீரைச் சொல்கிறார் என்று. ஏனென்றால் எதிரே ஒரு மனிதர் கையில் டம்ளரோடு நிற்கிறார். நிரலில் டம்ளர் கண்ணுக்குத் தெரியாது. சொல் மட்டும்தான் தெரியும்.

இந்த மொழிபெயர்ப்புக்கு ஓரா டு பிஜி என்று ஒரு கருவி இருக்கிறது. கமாண்ட் லைனில், கறுப்புத் திரையில் ஓடுவது. ஜில் தரோல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது, 2001-இல் முதல் பதிப்பு வந்தது, இன்றும் இலவசம். எழுதப்பட்ட மொழி பெர்ல். அதை 1987-இல் உருவாக்கிய லாரி வால் மொழியியல் படித்தவர் என்பது இங்கே உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு உபரித் தகவல். வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு அமைப்புக் கோப்பில் ஆரக்கிளின் முகவரி, கடவுச்சொல், உங்கள் விருப்பங்கள் எல்லாவற்றையும் எழுதிவைப்பீர்கள். பிறகு ஒற்றை வரிக் கட்டளை. திரையில் வரிகள் சரசரவென்று ஓடும். முடிந்ததும் டேபிள்கள் ஒரு கோப்பில், வியூக்கள் ஒரு கோப்பில், ஃபங்ஷன்கள் ஒரு கோப்பில் என்று போஸ்ட்கிரெஸ் பேச்சில் எழுதப்பட்ட நிரல் உங்கள் கையில் இருக்கும். ஆரக்கிளின் என்விஎல் இங்கே கோஅலெஸ் ஆகியிருக்கும். அடைப்புக்குறிக்குள் கூட்டல் போட்டு எழுதிய பழைய ஜாயின், லெஃப்ட் ஜாயின் ஆகியிருக்கும். போஸ்ட்கிரெஸில் பேக்கேஜ் என்ற அமைப்பே கிடையாது என்பதால் ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு ஸ்கீமாவாக ஆகியிருக்கும். ஒரு ஆள் மாதக்கணக்கில் தட்டவேண்டியதை அது ஒரு மதியத்தில் முடித்துவிடும்.

அருமையான கருவி. நான் அதற்கு எதிரி இல்லை. இன்னும் சொன்னால், நான் பார்த்த மேனேஜர்களை விட அது நேர்மையானது.

*

எப்படி என்று சொல்கிறேன். வேலையை ஆரம்பிக்கும் முன் அதனிடம் மதிப்பீடு கேட்கலாம். அது ஆரக்கிளைத் துழாவிவிட்டு ஓர் அறிக்கை தரும். எந்தப் பொருள் எத்தனை, எதில் எவ்வளவு சிக்கல், மொத்தம் எத்தனை மனித நாட்கள். கடைசியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போடும். ஏ என்றால் தானாக நடக்கக்கூடியது. பி என்றால் சில நாள் கைவேலை. சி என்றால் அதற்கும் மேல். கூடவே 1 முதல் 5 வரை சிரமத்தின் அளவு. 5 என்றால் ஃபங்ஷன்களையோ ட்ரிகர்களையோ மனிதர் உட்கார்ந்து திருத்தி எழுதியாக வேண்டும்.

அந்த மனித நாளை எப்படிக் கணக்கிடுகிறது? ஒரு அலகுக்கு ஐந்து நிமிடம். அது போஸ்ட்கிரெஸில் தேர்ந்த ஆள் செய்தால் ஆகும் நேரம் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. இது உங்கள் முதல் குடிபெயர்ப்பு என்றால் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு கருவி, தன்னை ஓட்டப்போகும் மனிதனின் அனுபவத்தைக் கேட்கிறது. “தம்பி, உனக்கு இது புதுசா? அப்போ ரெட்டிப்பா நேரம் எடுத்துக்கோ” என்கிறது. எங்கள் ப்ளானில் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. அணியில் பாதிப் பேருக்கு அது முதல் குடிபெயர்ப்பு.

இன்னொன்று. அந்த அறிக்கையில் எங்கேயும் சதவீதம் கிடையாது. பச்சை வட்டமும் கிடையாது. அப்படியானால் 94 எங்கிருந்து வந்தது? நாங்கள் செய்தது. மாற்றிய நிரலை போஸ்ட்கிரெஸில் ஏற்றினோம். பிழைச் செய்தி இல்லாமல் ஏறியவற்றை எண்ணினோம். மொத்தத்தால் வகுத்தோம். அவ்வளவுதான். ஒரு ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸில் பிழையில்லாமல் ஏறுகிறது என்றால் அதன் வாக்கிய இலக்கணம் சரி என்று அர்த்தம். அது தேடும் டேபிள் உலகத்தில் இருக்கிறதா என்பதைக்கூட ஓடும்போதுதான் போஸ்ட்கிரெஸ் பார்க்கும். ஆக, இலக்கணப் பிழை இல்லாத வாக்கியங்களை எண்ணிவிட்டு, மொழிபெயர்ப்பு முடிந்தது என்று அறிவித்தோம்.

ஸ்லைடு அதையும் தாண்டி இன்னொரு வேலை செய்தது. எல்லாருடைய கண்ணையும் அந்த ஆறு சதவீதத்தின் மேல் திருப்பிவிட்டது. ஏறாமல் முரண்டு பிடித்தவை அவை. அவற்றுக்கு ஆள் போட்டார்கள், நாள் ஒதுக்கினார்கள், தினமும் காலையில் விசாரித்தார்கள். கத்துகிற குழந்தைக்குத்தானே முதலில் பால். மீதி 94-ஐ யாரும் திறந்து வாசிக்கவில்லை. பச்சையாக இருப்பதை எதற்கு வாசிக்க வேண்டும்?

*

ஓசைப்படாத பிழைக்கு ஒரு சின்ன உதாரணம். ஆரக்கிளில் 200-ஐ 365-ஆல் வகுத்தால் 0.547 சொச்சம் வரும். போஸ்ட்கிரெஸில் இரண்டும் முழு எண் வகையாக இருந்தால் பூஜ்ஜியம் வரும். மீதியை அது கீழே போட்டுவிடும். அது அந்த மொழியின் விதி, குற்றம் சொல்ல முடியாது. ஆரக்கிளில் தசமம் இல்லாத எண்ணாக அறிவிக்கப்பட்ட பத்தியை ஓரா டு பிஜி இயல்பாக முழு எண் வகையாகத்தான் மாற்றும். அதுவும் நியாயம், வேகம் கிடைக்கும். இரண்டு நியாயங்களும் ஒரே வரியில் சந்திக்கும்போது, 200 நாளுக்குச் சேரவேண்டிய வட்டி பூஜ்ஜியமாகிவிடலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நிரல் ஓடும். பச்சை விளக்கு எரியும்.

இது எங்களிடம் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது, தப்பித்தோம். தப்பிக்காதது வேறொன்று.

ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுகிறீர்கள். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, எழுத எதுவும் இல்லை. இன்னொன்று, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போஸ்ட்கிரெஸ் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். முதலாவது வெற்றுச் சரம், நீளம் பூஜ்ஜியம். இரண்டாவது நல். ஆரக்கிளுக்கு இரண்டும் ஒன்றுதான். வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் நல்லாக மாற்றி வைத்துக்கொள்ளும். இதை எதிர்காலத்தில் மாற்றினாலும் மாற்றுவோம், நம்பி எழுதாதீர்கள் என்று அவர்களுடைய ஆவணத்திலேயே நெடுங்காலமாக எழுதியிருக்கிறது. மாற்றவில்லை. உலகம் அதை நம்பித்தான் எழுதியது.

இனி ஒட்டுவது. இரண்டு சொற்களைச் சேர்த்து ஒன்றாக்க, இரு மொழியிலும் ஒரே குறிதான், || என்று இரண்டு செங்குத்துக் கோடுகள். ஆரக்கிளில் ஒரு பெயரோடு நல்லை ஒட்டினால் பெயர் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயரோடு நல்லை ஒட்டினால் மொத்தமும் நல். தெரியாத ஒன்றோடு தெரிந்ததைச் சேர்த்தால் தெரியாததுதான் மிஞ்சும் என்பது எஸ்கியூஎல் தரநிலையின் தர்க்கம். தர்க்கப்படி போஸ்ட்கிரெஸ்தான் சரி. ஆனால் நம் ஊரில் பெயர்கள் தர்க்கப்படி வைக்கப்படுவதில்லை.

*

வாடிக்கையாளர் யார் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் பட்டுவாடா செய்யும் ஒரு நிதி நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் பயனாளிகளுக்கு ஒரு கடிதம் போகும். உயிர்வாழ் சான்றிதழ் சமர்ப்பிக்கும் நேரம் வந்துவிட்டது, இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள் என்று. அனுப்பாவிட்டால் பணம் நிறுத்திவைக்கப்படும். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஆளுக்குப் பணம் அனுப்ப முடியாதல்லவா.

கடிதத்தில் பெயர் அச்சிட, முதற்பெயர், ஓர் இடைவெளி, கடைப்பெயர் மூன்றையும் ஒட்டும் ஒரு வரி நிரலில் இருந்தது. கடைப்பெயர் என்ற கட்டத்தையே நமக்கு வெளிநாட்டுக்காரன்தான் கொடுத்தான். நம் ஆட்கள் அதில் இனிஷியலைப் போட்டார்கள், சிலர் அப்பா பெயரைப் போட்டார்கள், சிலர் ஊர்ப்பெயரைப் போட்டார்கள். ஒரு தலைமுறைக் கிராமத்துப் பெண்கள் எதுவும் போடவில்லை. அவர்களுக்கு ஒரே பெயர்தான். முத்தம்மாள் என்றால் முத்தம்மாள். ஆரக்கிளில் அந்தக் கட்டம் நல். இருபது வருஷமாக அதனால் ஒரு பிரச்சினையும் வரவில்லை. முத்தம்மாளோடு நல்லை ஒட்டினாலும் முத்தம்மாள் முத்தம்மாளாகவே இருந்தாள்.

போஸ்ட்கிரெஸில் முத்தம்மாள் நல் ஆனாள். அடுத்த வரியில் ஒரு நியாயமான நிபந்தனை இருந்தது: பெயர் நல் என்றால் முழுமையற்ற பதிவு, கடிதம் அச்சிடாதே. கடிதம் போகவில்லை. கடிதம் வராததால் சான்றிதழ் வரவில்லை. சான்றிதழ் வராததால் பணம் நின்றது. நிரல் சொன்னதைச் சரியாகச் செய்தது.

கருவிக்கு இது ஏன் தெரியவில்லை? அந்த வரி நிரலாக எழுதப்படாமல், மேற்கோள் குறிக்குள் ஒரு சரமாகக் கோர்க்கப்பட்டு, ஓடும் நேரத்தில் இயக்கப்பட்டது. மேற்கோளுக்குள் இருப்பதைக் கருவி தொடாது, தொடவும் கூடாது. அது வாடிக்கையாளரின் பெயராக இருக்கலாம், கடித வாசகமாக இருக்கலாம். உள்ளே ஆரக்கிளுக்கே உரிய சொல் ஏதாவது இருந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் கத்தியிருக்கும். இரண்டு செங்குத்துக் கோடுகள் இரு மொழிக்கும் பொதுச்சொல் என்பதால் ஓசையில்லாமல் அர்த்தம் மாறியது. வெள்ளம் என்று எழுதியிருந்தது, வெள்ளம் என்றே வந்து சேர்ந்தது.

நல்லையும் வெற்றையும் பற்றிக் கருவியின் அமைப்புக் கோப்பில் தனியாக ஒரு விருப்பம் இருக்கிறது. இப்படியொரு வேறுபாடு உண்டு, உங்கள் நிரலில் அது எங்கெல்லாம் இடறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கான எச்சரிக்கை அது. அந்தக் கோப்பை எங்கள் அணியில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தவர் யாரும் இல்லை. நானும் வாசிக்கவில்லை.

சோதனையில் ஏன் மாட்டவில்லை என்று கேட்பீர்கள். இதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுப்பது. கருவியிலேயே சோதனைக் கட்டளைகள் உண்டு. இரண்டு பக்கமும் டேபிள் எத்தனை, வரிசை எத்தனை என்று ஒப்பிடும். ஒப்பிட்டோம், அத்தனையும் பொருந்தியது. தகவல் ஒரு மயிரிழை மாறவில்லையே, ஏன் பொருந்தாது? அடுத்து டெஸ்டிங் அணி. அவர்கள் ஒழுங்கானவர்கள், கடைப்பெயர் இல்லாத ஆளையும் சோதித்தார்கள். திரையில் புதிதாக ஒரு பதிவு போட்டு, கடைப்பெயரைக் காலியாக விட்டுச் சேமித்தார்கள். போஸ்ட்கிரெஸ் அதை வெற்றுச் சரமாகச் சேமித்தது. வெற்றுச் சரத்தோடு பெயரை ஒட்டினால் பெயர் வரும். வந்தது. கடிதம் அச்சானது. டிக் போட்டார்கள். ஆரக்கிளிலிருந்து நல்லாகவே குடிபெயர்ந்து வந்த பழைய மனிதர்கள் மட்டும் விடுபட்டார்கள். புதிதாக வருபவருக்குக் கதவு திறந்தது. இருபது வருஷமாக உள்ளே இருந்தவர் காணாமல் போனார்.

*

எனக்கு டிக்கெட்டாக வந்து சேர்ந்தது ஆங்கிலத்தில் ஒற்றை வரி: பயனாளி உயிருடன் இருப்பதாக வாடிக்கையாளர் கூறுகிறார். அதோடு ஒரு குரல் பதிவு இணைத்திருந்தார்கள். தென்மாவட்டத்துப் பேச்சு. ஒரு பெண். “அம்மா உசுரோடதான் சார் இருக்காக. இந்தா பக்கத்துலதான் உக்காந்திருக்காக. பேசச் சொல்லவா?”

அந்தக் குரலை ‘கூறுகிறார்’ என்று மாற்றியது எந்தக் கருவியும் இல்லை. ஒரு மனிதர்.

இரண்டு நாள் தேடினேன். கண்டுபிடித்தபின் திருத்தப் பத்து நிமிடம். அந்தக் கோடுகளை எடுத்துவிட்டு கான்கேட் என்ற ஃபங்ஷனைப் போட்டேன். அது நல்லைக் கண்டுகொள்ளாமல் மிச்சத்தை ஒட்டும். அந்த வரிக்கு மேலே, முதன்முதலில் இதை எழுதியவர் விட்டிருந்த ஒரு குறிப்பு ஆங்கிலத்தில் கிடந்தது. இனிஷியல் இல்லாதவர்களும் இருக்கிறார்கள், இந்த வரியைத் தொடாதே. கீழே இரண்டெழுத்துக் கையொப்பம். யார் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. கருவி குறிப்புகளை மிகப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். குறிப்பு ஒரு எழுத்து சிதையாமல் வந்திருந்தது. வரியையும் யாரும் தொடவில்லை. தொடாமல் விட்டதால்தான் கெட்டது. குறிப்பை யாராவது ஒருவர் வாசித்திருந்தால், ‘ஏன் தொடக் கூடாது?’ என்று ஒரு நிமிடம் நின்றிருப்பார்.

பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். மூல காரணம் என்ற கட்டத்தில் ‘டூல் லிமிடேஷன்’ என்று எழுதினார்கள். கருவியின் வரம்பு. நான் ஆட்சேபித்தேன். “பின்ன என்ன எழுதறது? உன் பேரைப் போடவா?” என்று சிரித்தார்கள். போடுங்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு அன்று இல்லை.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோம். மாறியது தன்வினை. மாற்றினான் பிறவினை. ‘கன்வெர்ட் ஆயிடுச்சு’ என்பது நம் தொழிலின் தேசிய வாக்கியம். ‘டிப்ளாய் ஆயிடுச்சு’, ‘பணம் ஹோல்டு ஆயிடுச்சு’. வெயில் ஏறியது, மழை பெய்தது என்பதுபோல எல்லாம் தானாக நடக்கிறது. நல்லது நடந்தால் மட்டும் பிறவினை திரும்பி வரும்: “நாங்க 94 பர்சென்ட் ஆட்டோமேட் பண்ணோம்.” பாராட்டு வாங்க ஒரு எழுவாய், பழி வாங்க ஒரு கருவி. இலக்கண விளையாட்டாக இதைச் சொல்லவில்லை. ஒருவர் வாசித்தார், ஒருவர் கையெழுத்திட்டார் என்ற தடமே இல்லாமல் லட்சக்கணக்கான வரிகள் மனிதர்களின் பணத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன என்கிறேன்.

இங்கிலாந்தில் டிஎஸ்பி என்ற வங்கி, 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். அது இந்தக் கருவியின் கதை இல்லை, வேறு வகைக் குடிபெயர்ப்பு. நான் சொல்ல வருவது அதற்குப்பின் நடந்ததை. 2022 டிசம்பரில் அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. அதோடு நிற்கவில்லை. 2023-இல் அந்த வங்கியின் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81 ஆயிரம் பவுண்டுக்கு மேல் அபராதம். பெயர் சொல்லி. ‘டூல் லிமிடேஷன்’ என்ற கட்டம் அங்கே ஏற்கப்படவில்லை. ஒரு தனி ஆளைத் தண்டித்து என்ன ஆகிவிடும் என்பது வேறு விவாதம். ஆனால் மாற்றியவர் ஒருவர் இருந்தார் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். தினமும் மதியச் சாப்பாட்டில் கேட்பவைதான்.

முதலாவது: “மனுஷன் கையால எழுதினா மட்டும் தப்பு வராதா?” வரும். கையால் தட்டியிருந்தால் இதைப்போல நூறு தப்பு வந்திருக்கும். நான் கையால் தட்டச் சொல்லவில்லை. ஆனால் கையால் தட்டுகிறவனுக்கு ஒரு தண்டனை உண்டு, தட்டும் ஒவ்வொரு வரியையும் வாசித்தே ஆக வேண்டும். கருவி தட்டும் வேலையை எடுத்துக்கொண்டது, சந்தோஷம். கூடவே வாசிக்கும் வேலையும் போய்விட்டது என்று கணக்கெழுதினோமே, அது மோசடி.

இரண்டாவது: “இப்பதான் ஏஐ வந்துடுச்சே ப்ரோ.” வந்துவிட்டது. நானும் பயன்படுத்துகிறேன். இரண்டு மொழியையும் அதனிடம் கொடுத்தால் நல் விவகாரத்தை ஓரா டு பிஜி தவறவிடும் இடத்தில்கூடப் பிடித்துவிடும் சமயங்கள் உண்டு. ஆனால் பழைய கருவியிடம் ஒரு நாணயம் இருந்தது. அதே நிரலை, அதே அமைப்போடு இரண்டு முறை கொடுத்தால் அதே விடை வரும். தொடாத இடத்தைத் தொடாமல் விட்டிருக்கும், அங்கே போய்த் தேடலாம். புதியது எல்லா இடத்தையும் தொடுகிறது, ஒரே தன்னம்பிக்கையோடு. முன்பு வாசிக்காமல் விட்டது சோம்பேறித்தனம் என்றால், இப்போது வாசிக்காமல் விடுவது தற்கொலை. அதிலும் மற்றவர் பணத்தில்.

மூன்றாவது, கொஞ்சம் நியாயமானது: “எல்லாத்தையும் வாசிச்சா புராஜெக்ட் முடியவே முடியாது. கிளையண்ட் காசு தரமாட்டான்.” ஆமாம், தரமாட்டான். ஏனென்றால் வாசிப்புக்குக் காசு உண்டு என்று அவனிடம் யாரும் சொன்னதே இல்லை. 94 என்று காட்டிவிட்டு, அந்த 94-ஐ வாசிக்க ஆறு வாரம் வேண்டும் என்று யார் கேட்பது? உரிமக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கும் தொகை எல்லா ஸ்லைடிலும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கைக் கேட்கும் வாய் நமக்கு இல்லை. அது நம் கோழைத்தனம், கருவியின் வரம்பு இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘தானாக’ என்ற சொல்லை ஸ்லைடிலிருந்து எடுங்கள். பிழையில்லாமல் ஏறியவை இத்தனை, மனிதர் வாசித்தவை இத்தனை என்று இரண்டு எண் போடுங்கள். பணம், வட்டி, தேதி, பெயர் இந்த நான்கையும் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒருவர் வாசித்துக் கீழே பெயர் எழுதட்டும். மேற்கோள் குறிக்குள் கோர்க்கப்பட்ட நிரலைத் தனியாகத் தேடி எடுத்து வாசியுங்கள், அது எந்தச் சதவீதத்திலும் இல்லாதது. புதிதாகத் தட்டிய சோதனைப் பதிவுகளை நம்பாதீர்கள். பழைய தகவலையே இரண்டு பக்கமும் ஓட்டி, வெளியே வருவதை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். போன வருடம் எத்தனை கடிதம் அச்சானது, இந்த வருடம் எத்தனை? இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் முத்தம்மாள்கள் அன்றே கிடைத்திருப்பார்கள்.

வாசிக்கத் தெரிந்தவர்களாகிய உங்களிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடுத்தவர் எழுதியதை, அவர் ஏன் அப்படி எழுதினார் என்று நின்று யோசிப்பது ஒரு பழக்கம். நீங்கள் அதை இரவில் காசு வாங்காமல் செய்துகொண்டிருக்கிறீர்கள். பகலில் உங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. கேளுங்கள்.

நின்றுபோன பணம் பிற்பாடு நிலுவையோடு அனுப்பப்பட்டது என்று சொன்னார்கள். அந்தக் கிழவிக்கு எத்தனை மாதம் கழித்துக் கிடைத்தது, அதுவரை மருந்துக்கு என்ன செய்தாள் என்பதெல்லாம் டிக்கெட்டில் வராது. டிக்கெட் ‘க்ளோஸ் ஆயிடுச்சு’.

இப்போது அடுத்த குடிபெயர்ப்பு ஆரம்பித்திருக்கிறது. இந்த முறை ப்ளான் ஷீட்டில் நானே ஒரு வரிசை சேர்த்தேன்: வாசிப்பு, 30 நாள். கூடவே என் பெயர். மறுநாள் பார்த்தால் அந்த வரிசை இல்லை. யார் எடுத்தது என்று கேட்டேன். “தெரியல, டெலீட் ஆயிருக்கு” என்றார்கள். திரும்பச் சேர்த்திருக்கிறேன்.